சித்தூரார் வீடு: பெயர் ஒன்றானால் பங்காளி ஆகிவிடுமா?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். கொழிஞ்சாம்பாறையில் உங்கள் குடும்பத்தை மூன்று தலைமுறையாகச் ‘சித்தூரார் வீடு’ என்று சொல்கிறார்கள். துணி எடுக்க ஆந்திர எல்லையில் இருக்கும் நகரிக்குப் போன இடத்தில் அங்கேயும் ஒரு ‘சித்தூரார்’ குடும்பத்தைக் கண்டீர்கள். அவர்களும் வீட்டில் தமிழ்தான் பேசுகிறார்கள். பழக்கம் வளர்ந்து, உங்கள் தங்கைக்கு அந்த வீட்டில் வரன் பேசலாம் என்று பேச்சு எழுந்திருக்கிறது. ஆனால் பெயர் ஒன்றாக இருப்பதால் ‘பங்காளியாக இருந்துவிட்டால் என்ன செய்வது’ என்று இரு பக்கத்துப் பெரியவர்களும் தயங்குகிறார்கள். பெயர் ஒன்றானால் உறவு ஒன்றா என்பது உங்கள் கேள்வி.

பெயர் ஒன்று என்பதை மட்டும் வைத்துப் பங்காளி என்று சொல்ல முடியாது. அதிலும் உங்கள் பெயர் ஊர்ப்பெயர் என்பதால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் ‘உறவே இல்லை’ என்று அடித்துச் சொல்லவும் பெயரைத் தாண்டி நாலு இடத்தில் தேட வேண்டும். நான் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் ஆதாரம் எழுதிப் பிழைத்தவன். தமிழ்நாட்டில் பத்திரம் என்பதை நாங்கள் ஆதாரம் என்போம். என் தாயைப் பெற்ற பாட்டி திருத்தணிக்காரி. அதனால் கேரள எல்லையின் பெயர்வழக்கும் ஆந்திர எல்லையின் பெயர்வழக்கும் எனக்குக் கொஞ்சம் பழக்கம். அந்தத் துணிச்சலில்தான் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஊர்ப்பெயர் அந்த ஊரிலேயே இருப்பவனுக்கு ஒட்டாது, ஊரை விட்டு வந்தவனுக்குத்தான் ஒட்டும். சித்தூரில் இருக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்களில் எதையும் யாரும் ‘சித்தூரார் வீடு’ என்று கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால் எந்த வீடு என்று எப்படித் தெரியும்? வேறொரு ஊருக்குக் குடிபோன பிறகுதான், அங்கே ஏற்கெனவே இருப்பவர்கள், ‘யார், அந்தச் சித்தூர்க்காரரா?’ என்று அடையாளம் வைப்பார்கள். அந்த அடையாளம் இரண்டு தலைமுறை தாண்டினால் குடும்பப் பெயராக உறைந்துவிடும். ஆகவே ஒரு குடும்பத்தின் ஊர்ப்பெயர், அவர்கள் எந்த ஊரிலிருந்து கிளம்பினார்கள் என்பதைச் சொல்லும். அதே ஊரிலிருந்து வேறு வேறு காலத்தில், வேறு வேறு காரணத்துக்காக, ஒருவருக்கொருவர் முகம் தெரியாத பத்துக் குடும்பம் கிளம்பியிருக்கலாம். பத்துக்கும் ஒரே பெயர்தான் ஒட்டும்.

டாக்டர் ராதாகிருஷ்ணன் 1888-ல் பிறந்தது திருத்தணியில். அவர் பெயருக்கு முன்னால் நிற்கும் ‘சர்வேபள்ளி’ நெல்லூர் மாவட்டத்தில் இருக்கும் கிராமம். முன்னோர் அங்கிருந்து வந்ததால் அது வீட்டுப் பெயராக நின்றது. அவர் அந்தக் கிராமத்தில் பிறக்கவும் இல்லை, வளரவும் இல்லை. வேளாண் விஞ்ஞானி எம். எஸ். சுவாமிநாதன் 1925-ல் பிறந்தது கும்பகோணத்தில். அவருடைய ‘எம்’ மங்கொம்பு. கேரளத்தில் குட்டநாட்டு நீர்ப்பரப்புக்கு நடுவே உள்ள ஊர். காவிரிக் கரையில் பிறந்த பிள்ளை குட்டநாட்டு ஊரைத் தலைப்பெழுத்தாகச் சுமந்தது. நாளைக்கு இன்னொரு ‘மங்கொம்பு’க்காரரைப் பார்த்தால் அவர் சுவாமிநாதனின் தாயாதி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சித்தூருக்கும் அதே நியாயம்தான்.

உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது: சித்தூரே இரண்டு. பாலக்காட்டு மாவட்டத்தில் சோகநாசினி ஆற்றங்கரையில் ஒரு சித்தூர், உங்கள் தாலூக்காவின் தலைநகர். துஞ்சத்து எழுத்தச்சன் கடைசிக் காலத்தைக் கழித்த இடம் என்று மரபு சொல்லும் ஊர். ஆந்திரத்தில் நகரிக்கு மேற்கே இன்னொரு சித்தூர், மாவட்டத் தலைநகர். இரண்டுமே ‘சிறு’ என்பதும் ‘ஊர்’ என்பதும் சேர்ந்த சிற்றூர்தான். நேற்று என்பதை நேத்து என்றும் காற்று என்பதைக் காத்து என்றும் வாய் மாற்றிக்கொள்வதுபோல, சிற்றூர் சித்தூர் ஆகிவிட்டது. சின்ன ஊர் என்று பொருள்படும் பெயரைத் தமிழ் பேசியவர்கள் எங்கே வேண்டுமானாலும் வைத்திருப்பார்கள். புத்தூர், நல்லூர் போன்ற பெயர்களும் இப்படித்தான். திருப்பதிக்குப் போகும் வழியில் ஒரு புத்தூர், பாலக்காட்டிலேயே ஒரு புத்தூர். ஒரே பெயர் கொண்ட ஊர்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தவை அல்ல. அப்படியிருக்க, அந்த ஊர்களின் பெயரைத் தாங்கிய மனிதர்கள் மட்டும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று எப்படிச் சொல்வது?

இதில் ஓர் எழுத்து நமக்கு உதவும். மலையாளத்தில் நம் சித்தூரை ‘ற்ற’ போட்டுத்தான் எழுதுவார்கள். சிற்றூர் என்பதன் பழைய எழுத்து அங்கே அப்படியே நின்றுவிட்டது. தெலுங்கில் அந்தச் சித்தூருக்கு ‘த்த’. தமிழில் மட்டும் இரண்டையும் ஒன்றுபோல எழுதுகிறோம். உங்கள் வீட்டில் பழைய மலையாள ஆதாரம் இருந்தால் அதில் குடும்பப் பெயரை எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ‘ற்ற’ என்று இருந்தால் அதைப் பெரிய சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எழுதியவர் தனக்குப் பழக்கமான ஊரை நினைத்துக் கைபோன போக்கில் எழுதியிருக்கலாம். ‘த்த’ என்று இருந்தால்தான் நிமிர்ந்து உட்கார வேண்டும். தினம் பத்து முறை தன் ஊர்ப்பெயரை ‘ற்ற’ போட்டு எழுதும் ஒருவர், இந்தக் குடும்பத்துக்கு மட்டும் ‘த்த’ போட்டிருக்கிறார் என்றால், அவர் எதிரே உட்கார்ந்து சொன்னவர் ‘இந்த ஊர் இல்லை, அது வேறு’ என்று சொல்லியிருக்க வேண்டும்.

‘சித்தூர்’ என்றால் ஊரா, ஜில்லாவா என்பதையும் பார்க்க வேண்டும். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஆந்திரத்துச் சித்தூர் ஜில்லா 1911-ல் உருவானது. திருத்தணி அதற்கு முன் வட ஆர்க்காட்டில் இருந்தது, பிறகு சித்தூர் ஜில்லாவுக்குள் போனது. 1953-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் ஜில்லாவோடு சேர்ந்து அங்கே போனது. தமிழர்களின் எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்குத் திரும்பி வந்தது. முதலில் செங்கல்பட்டு மாவட்டம், இப்போது திருவள்ளூர். மலையும் கோயிலும் நின்ற இடத்தில் நிற்க, மேல்விலாசம் மட்டும் இத்தனை முறை மாறியது. 1930-களில் திருத்தணிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் பிழைப்புத் தேடிப் பாலக்காட்டுக்கு வந்து, ‘எந்த ஊர்’ என்று கேட்டதற்குச் ‘சித்தூர் ஜில்லா’ என்று சொல்லியிருந்தால் அவர் சொன்னது சரிதான். கேட்டவர் காதில் ‘சித்தூர்’ மட்டும் விழுந்திருக்கும்.

நம் பக்கமும் இப்படித்தான். நம் சித்தூர் கொச்சி ராஜாவின் சீமை. கொச்சியின் மற்றப் பகுதியோடு ஒட்டாமல், சுற்றிலும் ஆங்கிலேய மலபாரும் கோயமுத்தூரும் சூழத் தனியே கிடந்த துண்டு. பக்கத்துப் பாலக்காடு தாலூக்கா மலபார் ஜில்லாவில், அதாவது சென்னை மாகாணத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று கேரளம் பிறந்த பிறகுதான் இரண்டும் ஒரு கூரைக்குக் கீழ் வந்தன. 1957 ஜனவரி 1 அன்று பாலக்காடு மாவட்டம் அமைந்தது. ஆகவே அந்தக் காலத்தில் சித்தூரிலிருந்து பக்கத்து ஊருக்குப் போனவன்கூட ஒரு ராஜ்யத்தை விட்டு இன்னொன்றுக்குப் போனவன். ‘சித்தூரான்’ என்ற பெயர் அவனுக்கு ஒட்ட அதுவே போதுமான தூரம்.

இனி, பெயரை எழுதும் முறைக்கு வருகிறேன். எல்லையில் குழப்பம் அதிகமாவது இங்கேதான், ஏனென்றால் மூன்று மொழிக்காரர்களும் பெயருக்கு முன்னால் ஒன்றிரண்டு எழுத்துப் போடுகிறார்கள். பார்க்க ஒன்றுபோல இருக்கும். உள்ளே இருக்கும் சரக்கு வேறு.

தமிழ் முறை நாம் அறிந்தது: ஊர், தந்தை, தன் பெயர். இது வெள்ளைக்காரன் காலத்தில் வந்த பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். தலைப்பெழுத்தாகச் சுருக்கியதுதான் புதிது, வரிசை மிகப் பழையது. ‘மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்’ என்று சங்கப் பாட்டின் அடியில் எழுதியிருக்கிறதே, அதில் மதுரை ஊர், கணக்காயனார் தந்தை, நக்கீரனார் அவர் பெயர். இன்றைய கணக்கில் ம. க. நக்கீரன். கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார் என்று ஊரைக் கொண்டே அறியப்பட்டவர்களும் உண்டு. திருத்தணிக்காகப் போராடிய ம. பொ. சிவஞானத்தின் ‘ம’ மயிலாப்பூர், ‘பொ’ அவர் தந்தை பொன்னுசாமி. நாகர்கோவில் சுடலைமுத்து கிருஷ்ணன்தான் என். எஸ். கிருஷ்ணன். இந்த முறையில் தந்தையின் எழுத்து தலைமுறைக்குத் தலைமுறை மாறும். தாத்தா, அப்பா, பிள்ளை மூவருக்கும் மூன்று எழுத்து. ஆகவே தமிழ்நாட்டு முறையில் ஒரே தலைப்பெழுத்து என்பது உறவுக்குச் சாட்சியே அல்ல. ஊரின் எழுத்து மட்டும்தான் தொடர்ந்து வரும், அதுவும் வீட்டார் விரும்பினால்.

தெலுங்கு முறையில் இதற்கு நேர் எதிர். அங்கே முன்னால் நிற்பது ‘இண்டி பேரு’. நம் வாயில் வீட்டுப் பெயர். அது தந்தை வழியில் மாறாமல் இறங்கும். பின்னணிப் பாடகர் எஸ். பி. பாலசுப்ரமணியத்தை நம் ஊரில் பலர் ‘எஸ்’ ஏதோ ஊர், ‘பி’ அவர் அப்பா என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் இரண்டு எழுத்தும் சேர்ந்து ஒரே வீட்டுப் பெயர்: ஸ்ரீபதி பண்டிதாராத்யுல. அதனால்தான் அவர் தந்தையும் எஸ். பி. சாம்பமூர்த்தி, தங்கையும் எஸ். பி. சைலஜா, மகனும் எஸ். பி. சரண். தமிழ் முறையில் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் இப்படி ஒரே எழுத்து வர வழியில்லை. இந்த ஒரு சோதனையை நான் எத்தனையோ ஆதாரங்களில் கையாண்டிருக்கிறேன். தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே தலைப்பெழுத்து வந்தால் அது பெரும்பாலும் ஊராகவோ வீடாகவோ இருக்கும், தந்தையாக இருக்காது. ஆனால் தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரு தலைமுறை விட்டு எழுத்து திரும்பி வருவதுண்டு. அதனால் அடுத்தடுத்த மூன்று தலைமுறையைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

இண்டி பேருகளில் பெரும்பங்கு ஊர்ப்பெயர்தான். சர்வேபள்ளி, மங்களம்பள்ளி என்று ‘பள்ளி’யில் முடிவதும், பாடு, பூடி, கூரு என்று முடிவதும் பெரும்பாலும் ஏதோ ஒரு கிராமம். பொருளின் பெயரும் உண்டு. கவிஞர் குர்ரம் ஜாஷுவாவின் ‘குர்ரம்’ என்பதற்குக் குதிரை என்று பொருள். கிராமத்தின் பெயரே இண்டி பேரு ஆவதால், அதே கிராமத்திலிருந்து வெளியேறிய வெவ்வேறு சாதியாருக்கும் ஒரே பெயர் இருக்கும். அங்கேயும் பெயர் ஒன்று என்பதோடு நிறுத்தாமல் கோத்திரம் என்ன என்று கேட்பது அதனால்தான்.

ஊர் மனிதனுக்குப் பெயர் கொடுப்பதுபோல, மனிதன் ஊருக்குப் பெயர் கொடுப்பதும் உண்டு. திருப்பதிக்குப் பக்கத்தில் நாராவாரிப்பள்ளி என்று ஒரு கிராமம், சந்திரபாபு நாயுடு பிறந்த ஊர். அவருடைய வீட்டுப் பெயர் ‘நாரா’. ‘நாரா வாரி பள்ளி’ என்றால் நாரா வீட்டாரின் ஊர். இங்கே குடும்பம் முதலில், ஊர்ப்பெயர் அதற்குப் பிறகு. ஆந்திர எல்லையில் ‘வாரிப்பள்ளி’ என்று முடியும் கிராமங்களைப் பார்த்தால் இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதிரி ஊரின் பெயரும் ஒருவரின் பெயரும் ஒத்துப்போனால் அது உறவுக்கு நல்ல அடையாளம். சித்தூர் அந்த வகை அல்ல. அது எந்தக் குடும்பத்தின் பெயரிலிருந்தும் வரவில்லை.

கேரள முறை மூன்றாவது. அங்கே முதல் எழுத்து பெரும்பாலும் வீடு. நம் எலப்புள்ளியில் 1928-ல் பிறந்த எம். எஸ். விசுவநாதனின் ‘எம்’ மனயங்கத்து என்ற வீடு, ‘எஸ்’ தந்தை சுப்பிரமணியன். குடியரசுத் தலைவராக இருந்த கே. ஆர். நாராயணனுக்குக் கொச்சேரில் வீடு, ராமன் தந்தை. கூடல்லூரில் பிறந்த எம். டி. வாசுதேவன் நாயருக்கு எம்மும் டியும் சேர்ந்தே தறவாட்டின், அதாவது பரம்பரைக் குடும்ப வீட்டின் பெயர், மாடத்து தெக்கேப்பாட்டு. இங்கே தமிழர்கள் தவறாமல் இடறும் கல் ஒன்று உண்டு. தாய் வழியில் சொத்து இறங்கும் மருமக்கத்தாயக் குடும்பங்களில் அந்த வீட்டுப் பெயர் தாய் வழியில் வரும். பாலக்காட்டு மங்கரையில் 1857-ல் பிறந்து, 1897-ல் அமராவதி காங்கிரசுக்குத் தலைமை வகித்த சர் சி. சங்கரன் நாயரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய ‘சி’ சேற்றூர். சித்தூர் என்று வாசித்து ஏமாந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். சேற்றூர் அவர் தாய் பார்வதி அம்மாவின் வீடு. தந்தை ராமுண்ணிப் பணிக்கர் மம்மாயில் வீட்டைச் சேர்ந்தவர். தந்தைக்கும் மகனுக்கும் வீட்டுப் பெயரே வேறு, சட்டப்படி அதில் ஒரு தவறும் இல்லை. கூட்டுக் குடும்ப முறையை ஒழிக்கும் சட்டம் 1975-ல் கேரளத்தில் வந்த பிறகு சொத்து வழி மாறிவிட்டது. பெயர் வழி பல வீடுகளில் இன்னும் பழையபடிதான் இருக்கிறது.

கேரள வீட்டுப் பெயரைக் கொண்டு உறவு தேடுவது எத்தனை ஆபத்து என்பதற்கு ஒரு பெயர் போதும்: புத்தன்வீடு. புதிதாகக் கட்டிய வீடு, அவ்வளவுதான் பொருள். யார் எங்கே புதிதாக வீடு கட்டினாலும் அக்கம்பக்கத்தார் வாயில் அது புத்தன்வீடு. நூறு வருடம் ஆகிச் சுவர் பெயர்ந்து விழுந்தாலும் அது புத்தன்வீடுதான். கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு, கல்குளம் பக்கத் தமிழர்களிடமும் இந்தப் பெயர் தாராளம். தெக்கேதில், வடக்கேதில், கிழக்கேதில் என்று திசையை வைத்து வரும் பெயர்களும் அப்படியே. நம் பாலக்காட்டில் பண்ணை வீட்டைக் களம் என்போம், அதுவும் வீட்டுப் பெயராகும். ஊருக்கு ஊர் ஒரு மேலக்களமும் ஒரு புதுக்களமும் இருக்கும்.

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆதாரம் எழுதத் தொடங்கிய சில வருடங்களில், பாலக்காடு தாலூக்காவில் ஒரு விவசாயி தன் அரை ஏக்கரை விற்க என்னிடம் வந்தார். மகள் கல்யாணத்துக்குத் தேதி குறித்தாகிவிட்டது. குடிக்கடச் சான்று எடுத்தால், தமிழ்நாட்டில் வில்லங்கச் சான்று என்பார்களே அது, அவர் நிலத்தின் மேல் கடன் இருப்பதாகக் காட்டியது. மனிதர் கடனே வாங்கியதில்லை. விசாரித்தால், அதே கிராமத்தில் அதே பெயரில், அதே புத்தன்வீட்டில் இன்னொருவர். ஓர் அலுவலகத்தில் யாரோ பெயரையும் வீட்டையும் மட்டும் பார்த்து ஒருவர் கடனை மற்றவர் தலையில் ஏற்றியிருக்கிறார்கள். முன்னாதாரத்தை, அதாவது நிலம் கைக்கு வந்த பழைய ஆதாரத்தை, எடுத்து வரச் சொன்னேன். துணியில் சுற்றி, தகரப் பெட்டியில் வைத்திருந்ததைக் கொண்டுவந்தார். மடிப்பில் மடிப்பில் கிழிந்து, ஓரம் பூச்சி அரித்து, முத்திரை மட்டும் தெளிவாக இருந்தது. முதல் வரி வழக்கம்போலத் தாலூக்கில் தொடங்கி, அம்சம் என்ற கிராமம், அதற்குள் தேசம் என்ற சிறு பிரிவு, வீடு என்று படிப்படியாக இறங்கி, இன்னார் மகன் இன்னார் என்று முடிந்தது. பழைய மலபார் ஆதாரங்களின் அழகே இதுதான். ஒரு மனிதனை ஆறு கயிறு போட்டுக் கட்டியிருப்பார்கள். வீடும் பெயரும் அறுந்தாலும் தேசமும் தந்தையும் பிடித்துக்கொள்ளும். இருவரின் தந்தையும் வேறு, தேசமும் வேறு. இருந்தும் அந்தப் பதிவைத் திருத்த மூன்று வாரம் நடக்க வேண்டியிருந்தது. கல்யாணம் குறித்த நாளில் நடந்தது, ஆனால் அந்த மூன்று வாரமும் அவர் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் தாளவில்லை. அன்று முதல், வெறும் வீட்டுப் பெயரை நம்பி நான் ஒரு வரிகூட எழுதியதில்லை.

பட்டங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பிள்ளை என்று முடிவது தமிழ் வேளாளருக்கும் உண்டு, திருவிதாங்கூர் நாயர்களுக்கும் உண்டு. கவுண்டர், நாயுடு, முதலியார் எல்லாம் இப்படிப் பல கூட்டத்தார் பகிர்ந்துகொள்ளும் பட்டங்களே. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் அது நிலைத்தது, எல்லைக்கு அப்பால் அந்த அளவுக்கு இல்லை. அதனால் ஒரே குடும்பத்தில் கோயமுத்தூரில் இருக்கும் அண்ணன் பட்டம் இல்லாமலும், கொழிஞ்சாம்பாறைத் தம்பி பட்டத்தோடும் இருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

பங்காளி யார் என்பதை உண்மையில் சொல்லும் பெயர், ஆவணத்தில் இல்லாத பெயர். கொங்கு வேளாளரிடம் அது கூட்டம்: தூரன், ஓதாளன், ஆந்தை, காடை என்று வரும். ஒரே கூட்டத்துக்குள் பெண் கொடுக்க மாட்டார்கள், எந்த ஊரில் இருந்தாலும் சரி. தமிழின் முதல் கலைக்களஞ்சியத்துக்கு ஆசிரியராக இருந்த ம. ப. பெரியசாமித் தூரன் தன் கூட்டத்தின் பெயரையே பெயரோடு வைத்துக்கொண்டதால் அது வெளியே தெரிந்தது. பெரும்பாலோர் எங்கும் எழுதுவதில்லை, கல்யாணப் பேச்சில் மட்டும் கேட்டுக்கொள்வார்கள். மற்றச் சமூகங்களில் இதே வேலையைக் கோத்திரமோ, வகையறாவோ, குலதெய்வமோ செய்யும். உங்கள் இரு வீட்டாரும் எந்த வழக்கத்தைச் சேர்ந்தவர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும் கேட்க வேண்டியது அதைத்தான். சித்தூரார் என்பதை அல்ல.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ‘குடும்பப் பெயர்’ கட்டத்தில் என்ன எழுதுவது என்றும் கடைசியில் ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கட்டம் நம் முறைக்காக உண்டாக்கியது அல்ல. அதைக் காலியாக விடாதீர்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு விசிட் விசாவில் வரத் தடை சொன்னபோது நம் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் தவித்தார்கள். சித்தூரார் என்பது உங்கள் பள்ளிச் சான்றிதழில் ஏற்கெனவே இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் தந்தை பெயரைப் போடுங்கள். வாய்வழக்கில் மட்டும் இருக்கும் பெயரைப் புதிதாக ஒரே ஓர் ஆவணத்தில் நுழைத்தால், பிறகு மற்ற எல்லா ஆவணத்தையும் அதற்காகத் திருத்திக்கொண்டு அலைய வேண்டும்.

இனி தங்கையின் விஷயம். முதலில் உங்கள் வீட்டில் வயதில் மூத்த அத்தையிடம் போய் உட்காருங்கள். ஆண்கள் நிலக்கணக்கை நினைவில் வைத்திருப்பார்கள். யார் வீட்டில் சாவு விழுந்தால் நமக்குத் தீட்டு, யார் வீட்டுக்கு முதல் பத்திரிகை வைப்போம் என்பது பெண்களுக்குத்தான் தெரியும். பங்காளியைக் காட்டும் கணக்கு அதுதான். சித்தூரில் எந்தக் கோயிலுக்கு முடி இறக்கினார்கள், அங்கே போக ரயிலா, மாட்டுவண்டியா என்று கேளுங்கள். கொழிஞ்சாம்பாறையிலிருந்து நம் சித்தூருக்கு யாரும் ரயில் ஏறியதில்லை. தாத்தாவின் அம்மா வீட்டில் எந்த மொழி பேசினாள் என்றும் கேளுங்கள். ‘அந்தப் பாட்டிக்குத் தெலுங்கும் வரும்’ என்று பதில் வந்தால், கிழக்கே இருக்கும் சித்தூரை நினைக்க இடம் உண்டு. மலையாளக் கலப்பு இருந்தால் நம் சித்தூர்.

அடுத்து, முன்னாதாரத்தைத் தேடி எடுங்கள். முதல் வாங்குதலில் உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயருக்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறது, எந்த எழுத்துப் போட்டிருக்கிறது என்று பாருங்கள். வெளியூரிலிருந்து வந்தவர் நிலம் வாங்கினால், பழைய எழுத்துக்காரர்கள் வந்த ஊரையும் சேர்த்து எழுதுவது வழக்கம். வீட்டில் இல்லையென்றால் பதிவு ஆபீசில் நகல் கேட்டு விண்ணப்பிக்கலாம். வருடமும் சர்வே எண்ணும் தெரிந்தால் வேலை சுலபம்.

நகரி வீட்டாரிடமும் இதே கேள்விகளைக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். அவர்கள் ஆந்திரத்துச் சித்தூர் நகரத்திலிருந்து நகரிக்கு வந்தவர்களாக இருக்கலாம், ஆனால் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். எப்போது வந்தார்கள், குலதெய்வம் எது என்பது தெரிந்தால் போதும். குலதெய்வமும் கூட்டமும் வேறு என்றால், பெயர் ஒன்றாக இருப்பதற்காகத் தயங்கக் காரணம் எதுவும் இல்லை. தைரியமாகப் பேசி முடியுங்கள். இரண்டும் ஒன்று என்றால், பெயர் வேறாக இருந்தாலும் நான் உங்களை நிறுத்தச் சொல்லியிருப்பேன்.

அத்தைக்கு எத்தனை வயது என்று நீங்கள் எழுதவில்லை. எண்பதைத் தாண்டியவர் என்றால் ஆதாரம் தேடுவது அடுத்த வாரம் இருக்கட்டும், இந்த ஞாயிற்றுக்கிழமை அவரைப் போய்ப் பாருங்கள். கையில் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லும் ஊர்ப்பெயர்களை அவர் உச்சரிக்கிறபடியே எழுதுங்கள். பள்ளிக்கூடத்து எழுத்தில் திருத்தி எழுத வேண்டாம்.